வெயில் ஊருக்குக் கெட்டி ஆயிலா?

கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் செங்கோட்டையிலிருந்து சிவகிரி வரை எந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டாலும், ஆயில் மாற்றும் நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: நம்ம ஊர் வெயிலுக்கு எந்த ஆயில் ஊத்தலாம்? பதில்களும் ஏறக்குறைய நிலைபெற்றவை. “இருபது நாப்பது ஊத்துங்க அண்ணாச்சி, வெயிலுக்குக் கெட்டியா நிக்கும்” என்பார் ஒருவர். “கம்பெனி புக்குல உள்ளத மாத்தாதீங்க” என்பார் அடுத்தவர். ஃபுல் சிந்தெடிக் ஊற்றினால் வேறு கவலையே வேண்டாம் என்பார் மூன்றாமவர். எதை ஊற்றினாலும் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது நான்காவது பதில்.

இந்த நான்கில் எதுவும் வெறும் வாய்ச்சொல் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலமும், அந்தக் காலத்தின் என்ஜினும், அந்த என்ஜின் கற்றுக்கொடுத்த அனுபவமும் உண்டு. எந்தப் பதில் எந்த என்ஜினுக்குப் பிறந்தது என்பதை மறந்துவிட்டு, எல்லா வண்டிக்கும் அதையே சொல்வதுதான் சிக்கல். தென்காசி மாவட்டத்து வாசுதேவநல்லூர்ப் பகுதியின் வெயிலையும் சாலையையும் முன்வைத்து இந்த நான்கு பதில்களின் பலம், பலவீனங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்தப் பகுதியின் வெப்பமும் ஓட்டமும்

மேற்கே மலைத்தொடர், கிழக்கே வெயில் காயும் சமவெளி. சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம்தான். மார்கழியிலும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில், மலையின் நேர் வாயிலிலிருந்து சற்று விலகிய ஊர்களுக்கு மழையைவிடக் காற்றும் புழுதியும்தான் அதிகம் வந்து சேர்கின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் காற்று அது.

ஓட்டமும் ஒரே மாதிரி இல்லை. புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போகும் சிறிய வேன், குற்றால சீசனில் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஏசியோடு ஊர்ந்து செல்லும் டாக்ஸி, புளியரை வழியாக ஆரியங்காவு மலைப்பாதை ஏறிக் கேரளத்துக்குப் போகும் கார், பக்கத்து ஊர் வரை போய்த் திரும்பும் வீட்டு வண்டி என நான்கு விதம். ஒரே வெயிலில் நின்றாலும் இந்த நான்கின் ஆயிலும் படும் பாடு வேறு வேறு. கேள்வியில் வெயில் மட்டும் இருக்கிறது. ஓட்டம் விடுபட்டுப் போகிறது. விவாதம் தடம் மாறும் முதல் இடம் இதுதான்.

டப்பாவில் உள்ள எண்கள் சொல்வது என்ன?

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம், அதாவது எஸ்.ஏ.இ., ஆயிலின் கெட்டித் தன்மையை வகைப்படுத்தும் முதல் அட்டவணையை 1911-இல் வெளியிட்டது. அதன் இன்றைய வடிவம் ஜே300 என்ற தரம். 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 எல்லாம் அதிலிருந்து வருபவை.

முதல் எண்ணோடு ஒட்டியிருக்கும் டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. 5டபிள்யூ ஆயில் மைனஸ் 30 டிகிரியில் என்ஜினைச் சுழல விடுகிறதா என்று சோதிக்கப்படும். 15டபிள்யூ மைனஸ் 20-லும், 20டபிள்யூ மைனஸ் 15-லும் சோதிக்கப்படும். தென்காசி மாவட்டத்துக் கார் எதற்கும் இந்தக் குளிர் வரப்போவதில்லை. ஆகவே டப்பாவில் பெரிதாக அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது இந்த ஊருக்கு நேரடியாகத் தேவையற்றது. மறைமுகமாக அது ஒன்றைச் சொல்லும். அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் எண் 100 டிகிரியில் ஆயிலின் பாகுநிலையை, அதாவது கெட்டித் தன்மையைக் குறிப்பது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. இது ஒரு பட்டை, புள்ளி அல்ல. 12.4 உள்ள ஆயில் 30 என்றும் 12.6 உள்ளது 40 என்றும் விற்கப்படலாம். பட்டையின் விளிம்பில் நிற்கும் இரு ஆயில்களுக்கிடையே கையால் உணரக்கூடிய வித்தியாசமே இருக்காது.

கடைப் பேச்சில் வராத மூன்றாவது அளவு ஒன்று உண்டு. அது 150 டிகிரி வெப்பத்தில், பேரிங்குக்குள் நிகழ்வதுபோன்ற கடும் உரசல் வேகத்தில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அளக்கிறது. ஜே300-இன்படி 20 வகை ஆயிலுக்கு இது குறைந்தது 2.6 இருக்க வேண்டும், 30-க்கு 2.9; 5டபிள்யூ-40-க்கு 3.5; 15டபிள்யூ-40-க்கு 3.7. புதிய 16 வகைக்கு 2.3 போதும். கிராங்க் ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் பிரித்து நிறுத்தும் மெல்லிய ஆயில் ஏட்டின் வலிமையை முடிவு செய்வது பெரிதும் இந்த எண். டப்பாவில் இது பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் தேடித்தான் பார்க்க வேண்டும். வெயிலைப் பற்றிக் கவலைப்படுபவர் பார்க்க வேண்டிய எண், கண்ணில் படும் இடத்தில் இல்லாதது வருந்தத்தக்கது.

கெட்டி ஆயிலே காப்பு என்ற வாதம்

இதுதான் மூத்த வாதம். வெப்பம் ஆயிலை இளக்கும், இளகினால் ஏடு அறுந்து உலோகம் உலோகத்தில் உரசும், ஆகவே வெப்பமான ஊருக்குக் கெட்டி ஆயில் வேண்டும். முதல் இரண்டு படிகள் அறிவியலுக்கு முற்றிலும் பொருந்துபவை. சுழலும் தண்டை ஆயிலின் அழுத்தமே தூக்கி நிறுத்துகிறது என்பதை இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் 1883-இல் சோதனையில் கண்டார். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். பாகுநிலை குறைந்தால் ஏடு மெலியும் என்பது அன்றே உறுதியாகிவிட்டது.

நடைமுறையில் இந்த வாதம் வேர்விட்டது ஒற்றை எண் ஆயில்களின் காலத்தில். குளிருக்கு 30, கோடைக்கு 40 என்று பருவத்துக்கு ஏற்ப மாற்றிய காலம் அது. இந்தியாவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் போன்ற வண்டிகள் அந்த வழக்கத்துக்கு நீண்ட ஆயுள் கொடுத்தன. அந்த என்ஜின்களில் பேரிங் இடைவெளி தாராளம். ஆயில் பாதைகள் அகலம். ரேடியேட்டர் வெகு எளிதில் திணறும். மேடு ஏறும்போது பானட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிய ஓட்டுநர்கள் வெப்பத்துக்கு அஞ்சியதில் நியாயம் இருந்தது. ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் என்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் புகை குறையும், டேப்பெட் சத்தம் அடங்கும், ஆயில் பிரஷர் விளக்கு அணையும். கண்ணால் கண்ட இந்தப் பலன் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் நம்பிக்கையாக இறுகியது. அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. அந்த வண்டிகளுக்கு அது சரியான மருத்துவம்.

வாதத்தின் பலவீனம் மூன்றாம் படியில் இருக்கிறது. ஊர் வெயிலும் ஆயிலின் வெப்பமும் ஒன்றல்ல. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பொதுவாக 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கி, என்ஜினைக் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் வைத்துக்கொள்கிறது. சாதாரண ஓட்டத்தில் ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கும். ஊட்டியில் 15 டிகிரியும் வாசுதேவநல்லூரில் 40 டிகிரியும் இருந்தால், அந்த 25 டிகிரி வித்தியாசம் முழுவதும் ஆயிலுக்குப் போய்ச் சேராது. ரேடியேட்டரும் விசிறியும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

இதற்கு எதிர்த்திசையில், காலை நேரத்தின் கதை பலரும் எண்ணிப் பார்க்காதது. 30 டிகிரி காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. ஆயிலின் கணக்கில் அது நன்றாகக் குளிர்ந்தே இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் வழக்கமான ஆயில்களை வைத்துக் கணக்கிட்டால், 30 டிகிரியில் 0டபிள்யூ-20 சுமார் 60 சென்டிஸ்டோக், 5டபிள்யூ-30 சுமார் 95, 15டபிள்யூ-40 சுமார் 175, 20டபிள்யூ-50 சுமார் 280 என்று நிற்கும். 5டபிள்யூ-30 ஓடும் சூட்டில் 10 அல்லது 11 தான் இருக்கும். அதாவது கோடைக் காலையிலும் மெல்லிய ஆயில் தேவையைவிட எட்டொன்பது மடங்கு கெட்டி. 20டபிள்யூ-50 அதைப்போல் மூன்று மடங்கு. அவ்வளவு கெட்டியான ஆயிலை பம்ப் தள்ளும்போது அழுத்தம் மீறி ரிலீஃப் வால்வு திறக்கும். ஒரு பகுதி ஆயில் மேலே போகாமல் திரும்பச் சம்பிலேயே விழும். கேம் ஷாஃப்ட்டுக்கும் டர்போவுக்கும் ஆயில் சேரத் தாமதம் ஆகும். வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தாலேயே மாற்றும் இன்றைய என்ஜின்களில் அந்தத் தாமதம் இயக்கத்தையே குழப்பலாம்.

கெட்டி ஆயில் தன் உரசலாலேயே கூடுதல் சூட்டை உண்டாக்கும் என்பதும் இங்கே சேர வேண்டிய செய்தி. ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த வளைகோடு சொல்வது இதுதான். பாகுநிலை ஒரு அளவுக்குக் கீழே போனால் தேய்மானமும் உரசலும் ஏறும். அந்த அளவுக்கு மேலே போனால் தேய்மானம் குறையாமல் உரசல் மட்டும் ஏறும்.

கையேட்டை நம்பும் வாதம்

என்ஜினை வடிவமைத்தவருக்கே அதன் பேரிங் இடைவெளி தெரியும், ஆகவே அவர் எழுதியதே இறுதி என்பது இரண்டாம் பதில். தெர்மோஸ்டாட் பற்றி மேலே சொன்னதெல்லாம் இந்த வாதத்துக்கு வலுச் சேர்ப்பவை. ஆயில் பம்பின் கொள்ளளவு, டர்போவின் வெப்பம், புகைவடிகட்டியின் தேவை எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிப் பார்த்த பிறகே கையேட்டில் ஓர் எண் எழுதப்படுகிறது. ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு அதை மீறுபவருக்கு அந்த விவரம் எதுவும் கையில் இல்லை. வாரன்டியும் கையேட்டோடு கட்டப்பட்டது.

ஆனாலும் ஊர் வெப்பம் ஒரு பொருட்டே இல்லை என்று இந்த வாதத்தினர் சிலர் சொல்வது மிகை. ஆயில் சம்ப் தன் சூட்டில் ஒரு பங்கை நேரே காற்றுக்குத்தான் விடுகிறது. வெளியே 40 டிகிரி, வண்டி நிறைய ஆள், ஏசி முழு வேகத்தில், இரண்டாம் கியரில் ஆரியங்காவு ஏற்றம் என்றால் கூலன்ட் முள் நடுவிலேயே நிற்கும்போதும் ஆயில் 120 டிகிரிக்கு மேல் போகலாம். பெரும்பாலான கார்களில் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டரே கிடையாது. புதிய கார்கள் பலவற்றில் கூலன்ட் முள்ளும் போய், எச்சரிக்கை விளக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இங்கே ஒரு கணக்கு உதவும். வழக்கமான 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் காட்டும் அதே பாகுநிலையை, வழக்கமான 15டபிள்யூ-40 சுமார் 114 டிகிரியில் காட்டும். 0டபிள்யூ-20-இலிருந்து 5டபிள்யூ-30-க்குப் போனாலும் வித்தியாசம் ஏறக்குறைய 12 டிகிரிதான். ஆக ஒரு படி கெட்டி ஆயில் என்பது, ஆயில் சூட்டில் 12 முதல் 15 டிகிரி வரையிலான ஏற்றத்துக்கு ஈடு. ஊர் வெயில் மட்டும் ஆயில் சூட்டை அவ்வளவு உயர்த்துவது கடினம். வெயிலோடு சுமையும் ஏற்றமும் சேர்ந்தால் உயர்த்த முடியும். இரு தரப்பும் தத்தம் பக்கம் இழுக்கும் உண்மை இந்தச் சிறு கணக்குக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் மதிப்பீடு.

கையேட்டு வாதத்தை ஏற்பவர்கூடப் பல நேரம் கையேட்டை முழுதாகப் படிப்பதில்லை. பல கையேடுகள் ஒரே எண்ணோடு நிற்பதில்லை. வெளி வெப்பத்துக்கு ஏற்ப எந்தெந்த ஆயில் ஊற்றலாம் என்ற கட்டப் படத்தையும் தருகின்றன. அதில் வெப்பப் பக்கத்தில் 10டபிள்யூ-40-க்கோ 15டபிள்யூ-40-க்கோ இடமிருந்தால், அதை ஊற்றுவது கையேட்டை மீறுவது ஆகாது.

மெல்லிய ஆயில் யாருக்காக?

கையேட்டின் மீதே எழும் சந்தேகம் ஒன்று உண்டு. அது எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. அமெரிக்காவில் 1975-இல் பிறந்த எரிபொருள் சிக்கனச் சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜை அளக்கத் தொடங்கியது. ஆயில் உரசலைக் குறைத்தால் கிடைப்பது சிறிய ஆதாயம், பெரும்பாலும் ஒன்றிரண்டு விழுக்காடு. ஆனால் லட்சக்கணக்கான கார்களின் சராசரியில் அது பெரிய தொகை. ஃபோர்டும் ஹோண்டாவும் 2001 மாடல் ஆண்டில் அங்கே பல என்ஜின்களை 5டபிள்யூ-20-க்கு மாற்றின. பிறகு 0டபிள்யூ-20 பரவியது. 2013-இல் எஸ்.ஏ.இ. 16 என்ற வகையையும், 2015-இல் 12, 8 என்ற வகைகளையும் சேர்த்தது. இந்தியாவிலும் இத்தகைய சராசரிக் கட்டுப்பாடு 2017-18 நிதியாண்டில் தொடங்கி, 2022-23-இல் இறுகியது. இங்கே விற்கும் பெட்ரோல் கார்களில் 0டபிள்யூ-20-உம் 0டபிள்யூ-16-உம் வந்து சேர்ந்ததில் இந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு இருக்கும் என்று கருத இடமுண்டு.

சந்தேகிப்போர் சொல்வது இது: எண்ணைத் தேர்ந்தெடுத்தது சட்டம், என்ஜினின் நீண்ட ஆயுள் அந்தத் தேர்வில் இரண்டாம் இடம்தான் பெற்றது. ஒரே என்ஜினுக்கு ஒரு நாட்டில் ஒரே மெல்லிய ஆயிலும், மற்றொரு நாட்டில் அகலமான பட்டியலும் தரப்படுவதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள்.

2025 ஏப்ரலில் நடந்தது இந்த வாதத்துக்குப் புதுத் தெம்பு கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 6.2 லிட்டர் வி-8 பெட்ரோல் என்ஜின் பொருத்திய 2021 முதல் 2024 வரையிலான மாடல்களை, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகளை, திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு தயாரிப்புக் குறைகளே காரணம் என்று அறிவித்தது. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20-ஐ வடித்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றி, ஆயில் மூடியையும் மாற்றிக் கொடுத்தது. கெட்டி ஆயில் கூடுதல் காப்பு தரும் என்பதற்கு உற்பத்தியாளரே தந்த சாட்சி இது என்கிறது ஒரு தரப்பு. குறை உலோக வேலையில் இருந்தது, ஆயிலில் அல்ல என்கிறது மறு தரப்பு. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். துல்லியமாகச் செய்த என்ஜினுக்கு மெல்லிய ஆயில் போதும். துல்லியம் தவறினால் அதில் தாங்குவதற்கு இடம் குறைவு.

இந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. மெல்லிய ஆயிலுக்காகவே வடிவமைத்த என்ஜினில் பேரிங் பரப்பு, மேற்பூச்சு, பம்ப், ரிங்கின் அழுத்தம் எல்லாம் அதற்கேற்ப மாற்றப்பட்டிருக்கும். அதில் 20டபிள்யூ-50 ஊற்றுவது, அம்பாசடரில் 0டபிள்யூ-16 ஊற்றுவதற்கு நிகரான தவறு. சந்தேகம் நியாயமானது என்பதால் பழைய பழக்கத்துக்குத் திரும்புவது நியாயமாகிவிடாது.

சிந்தெடிக் என்ற சொல்லின் எடை

மோபில் 1 என்ற முழுச் செயற்கை ஆயில் 1974-இல் சந்தைக்கு வந்தபோது அந்தச் சொல்லுக்கு ஒரு தெளிவான பொருள் இருந்தது. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்காமல், வேதிமுறையில் கட்டியெழுப்பிய மூலக்கூறு. 1999-இல் அமெரிக்க விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு, மிக உயர்ந்த சுத்திகரிப்பில் உருவாகும் மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயையும் சிந்தெடிக் என்று சொல்லலாம் என்ற காஸ்ட்ராலின் நிலையை ஏற்றது. அதற்குப் பிறகு டப்பாவில் உள்ள அந்தச் சொல் தரத்தின் ஓர் அறிகுறி மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு உறுதி அல்ல.

வெப்ப ஊருக்கு இதில் உண்மையான ஆதாயம் இரண்டு. ஆயில் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம், சூடு 10 டிகிரி ஏறும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் உள்ள பொதுக்கணக்கு. நல்ல அடிப்படை எண்ணெய் அந்தச் சிதைவை அதிக நேரம் தாங்கும். சூட்டில் ஆவியாகி வீணாவதும் குறைவு. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துச் செய்யும் நோவாக் சோதனையில், ஐரோப்பியத் தரம் பொதுவாக 13 விழுக்காட்டுக்கு மேல் இழப்பை அனுமதிப்பதில்லை. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் மறைமுகமாகச் சொல்வது இதைத்தான். அந்த எண் குறையக் குறைய உள்ளே உயர்ந்த அடிப்படை எண்ணெய் இருக்க வாய்ப்பு அதிகம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு எண்களுக்கும் இடைவெளி அகலமாகும்போது, ஆயிலைச் சூட்டில் கெட்டியாக வைத்திருக்கும் பாலிமர் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கடும் உரசலில் அந்தப் பாலிமர் அறுந்துபோனால் 40 எண் ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டரில் 30 ஆகிவிடலாம். மலிவான 5டபிள்யூ-40-ஐவிட நல்ல 15டபிள்யூ-40 இந்த ஊரின் சுமை வண்டிக்கு ஏற்றதாக இருக்கலாம் என்பதற்கு இதுவே காரணம்.

எழுத்துகளே முதலில்

பாகுநிலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் டப்பாவின் பின்பக்க எழுத்துகளை விட்டுவிடுகிறார்கள். இது பெரிய பிழை. ஏ.பி.ஐ. வகைப்பாட்டில் எஸ் எனத் தொடங்குபவை பெட்ரோலுக்கு, சி எனத் தொடங்குபவை டீசலுக்கு. எஸ்.என். 2010-இல் வந்தது; எஸ்.பி. 2020-இல். இந்த இடைவெளியில் டர்போ பெட்ரோல் என்ஜின்களில் ஒரு புதுச் சிக்கல் தெரிந்தது. தாழ்ந்த வேகத்தில், கனத்த சுமையில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் சிக்கல். ஆயிலில் உள்ள கால்சியம் சோப்புப் பொருளுக்கும் அதில் பங்கு உண்டு என்று கண்டு, எஸ்.பி. தரத்தில் அதற்கான சோதனை சேர்க்கப்பட்டது. மலையேறும் சிறிய டர்போ காருக்கு இந்த எழுத்து, 30-ஆ 40-ஆ என்ற விவாதத்தைவிட முக்கியம்.

டீசலிலும் அப்படியே. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி பரவலானது. எரிந்தபின் சாம்பல் விடும் ஆயில் அதை அடைக்கும். ஐரோப்பிய சி3 தரம் சாம்பலை 0.8 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துகிறது. அதே நேரத்தில் 150 டிகிரிச் சோதனையில் 3.5-க்குக் குறையாத வலிமையையும் கேட்கிறது. வெயிலுக்குப் பயந்து பழைய டீசல் வண்டியின் 20டபிள்யூ-40-ஐ இத்தகைய காரில் ஊற்றுபவர் பேரிங்கைக் காப்பாற்றப் போய் வடிகட்டியை இழக்கக்கூடும். அது ஆயில் மாற்றுவதைப் போல் சிறு தொகையில் முடியும் செலவல்ல.

மாற்றும் காலம்

நான்காம் பதிலுக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படுவது 1996-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் நியூயார்க்கில் 75 டாக்ஸிகளை வைத்து நடத்திய சோதனை. ஒவ்வொரு வண்டியும் 60,000 மைல் ஓடியபின் என்ஜினைப் பிரித்து அளந்தார்கள். பிராண்டுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க தேய்மான வித்தியாசம் இல்லை. 3,000 மைலில் மாற்றியதற்கும் 6,000 மைலில் மாற்றியதற்கும்கூட இல்லை. தரம் பெற்ற எந்த ஆயிலும் போதும் என்பதற்கு இது நல்ல சான்று. அடிக்கடி மாற்றினால்தான் என்ஜின் பிழைக்கும் என்ற நம்பிக்கைக்கு இதுவே எதிர்ச்சான்றும் ஆகிறது. அந்த டாக்ஸிகள் நாள் முழுக்க ஓடி எப்போதும் சூடாகவே இருந்தவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். காலையில் கிளப்பி இரண்டு மூன்று கிலோமீட்டரில் நிறுத்தும் வீட்டு வண்டியின் ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் சேர்ந்து, ஆவியாக நேரமில்லாமல் தங்கிவிடும். குறைவாக ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டரைவிட மாதக் கணக்கு பொருந்துவது இதனால்தான்.

ஆடிக் காற்றின் புழுதியையும் இங்கே சேர்க்க வேண்டும். ஏர் ஃபில்டரில் ஓட்டை விழுந்தோ, அது சரியாகப் பொருந்தாமலோ மணல்தூள் உள்ளே போனால், உலகின் மிக உயர்ந்த ஆயிலும் அரைப்புக் கல்லாக மாறும். கையேடுகள் புழுதியையும் குறும்பயணத்தையும் மலைப்பாதையையும் கடும் பயன்பாடு என்று தனியாகக் குறித்து, மாற்றும் காலத்தைக் குறைக்கச் சொல்கின்றன. இந்தப் பகுதி வண்டிகளில் பல அந்தப் பட்டியலுக்குள் வரும்.

தீர்ந்தவையும் தீராதவையும்

சில முடிவுகளுக்கு இப்போதே வரலாம். கார்புரேட்டர் கால வண்டிக்கும் ரிங் தேய்ந்த பழைய டீசலுக்கும் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 இன்றும் பொருத்தமானவை. 2020-க்குப் பிந்தைய காருக்கு முதலில் பார்க்க வேண்டியது ஏ.பி.ஐ. அல்லது ஐரோப்பியத் தர எழுத்து, பிறகுதான் எண். இடைக்காலத்து வண்டிகளில், கையேட்டுக் கட்டம் அனுமதித்தால், ஆள் நிறைத்து மலையேறும் டாக்ஸிக்கு ஒரு படி கெட்டி ஆயில் ஊற்றுவதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஊருக்குள் மட்டும் ஓடும் அதே மாடல் வண்டிக்கு அது தேவையும் இல்லை.

தீராதவை உள்ளன. 0டபிள்யூ-16 ஊற்றிய என்ஜின் தமிழ்நாட்டுச் சமவெளி வெப்பத்தில், முழுச் சுமையோடு, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பின் எப்படி இருக்கும் என்பதற்குத் தேவை, நிறுவனங்களுக்கு வெளியே எவரும் சரிபார்க்கக்கூடிய நீண்ட கால ஒப்பீடு. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் வந்துவிட்ட நிலையில், குறும்பயண வண்டிகளின் ஆயிலில் சேரும் ஈரத்தையும் எத்தனாலையும் பற்றிய கேள்வியும் திறந்தே இருக்கிறது. அடிக்கடி என்ஜினை அணைத்துக் கிளப்பும் ஹைபிரிட் கார்களில் ஆயில் போதுமான சூட்டை அடைகிறதா என்பது, வெப்ப ஊரிலும் எழும் குளிர்க் கேள்வி. இவற்றுக்கு விடை வரும்வரை மெல்லிய ஆயிலைப் பழிப்பதும் அதற்கு முழுச் சான்றிதழ் கொடுப்பதும் அவசரம்.

அடுத்த முறை ஆயில் மாற்றப் போகும்போது கையேட்டை எடுத்துச் சென்று, அந்தக் கட்டத்தையும் தர எழுத்துகளையும் மெக்கானிக்கோடு சேர்ந்து பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால் பானட்டைத் திறக்கலாம். பல கார்களில் ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயே எண் பொறித்திருக்கும்.